விழத் தெரியணும் சார்!

கட்டுரை எழுதிப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற விபரீத முடிவுக்கு வருவதற்கு முன்னால், ஏழு வருஷம் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் லெமன் சாதத்தோடு ஒரு விவாதமும் கட்டாயம் உண்டு. இளையராஜாவா ரஹ்மானா, இன்க்ரிமென்ட் வருமா வராதா... இந்த வரிசையில் ஒரு நாள், 'உலகத்திலேயே பெரிய ரெஸ்லர் யார்?' என்று ஆரம்பித்தது.

''அண்டர்டேக்கர். மறுபேச்சே கிடையாது'' என்றான் டெஸ்பாட்ச் செக்ஷன் நண்பன்.

''ராக்'' என்றான் இன்னொருவன், அவரைப் போலவே ஒற்றைப் புருவத்தை உயர்த்த முயன்று, இரண்டையும் உயர்த்தியபடி.

''ஹல்க் ஹோகன் இல்லேன்னா இவனுங்க யாருக்கும் சோறே கிடையாது தம்பி'' என்றார் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கியிருந்த ஹெட்கிளார்க். அவர் இதையெல்லாம் பார்ப்பார் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

குரல்கள் உயர்ந்தன. தயிர் சாதம் காய்ந்தது. கை கழுவ வந்த மேனேஜர் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, ''ஏம்ப்பா, அதெல்லாம் டூப்புதானே?'' என்றார்.

ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மனுஷர் கை கழுவாமலே திரும்பிப் போனார்.

டூப்பு என்று எங்களுக்குத் தெரியாதா? தெருக்கூத்தில் துரியோதனன் செத்தால் போலீஸுக்கா போன் பண்ணுகிறோம்? ஆனாலும் மேனேஜர் கேட்டதற்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருந்தது. யார் ஜெயிக்கவேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைத்துவிட்டால், எவன் பெரியவன் என்று எதை வைத்துச் சொல்வது? சச்சினுக்கு 100 சதம் இருக்கிறது. எவனும் மறுக்க முடியாது. ரிக் ஃப்ளேர் 16 தடவை உலக சாம்பியன் என்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்? பெல்ட்டை இவரிடம் கொடுக்கலாம் என்று முதலாளிகள் 16 தடவை முடிவு செய்தார்கள். ப்ரமோஷன் மாதிரி. ப்ரமோஷன் வாங்கினவன் எல்லாம் பெரிய வேலைக்காரன் என்று ஒப்புக்கொள்வீர்களா? (பக்கத்து சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு பதில் சொல்லவும்.)

பத்து வயதில் இந்தக் கேள்விக்கு என்னிடம் ரெடியாகப் பதில் இருந்தது. ட்ரம்ப் கார்டு!

2002. திருச்சியில் ஒரு போர்ஷன் வீடு. மூலைப் பெட்டிக்கடையில் ஒரு கட்டு வாங்கினால் ஒவ்வொரு கார்டிலும் ஒரு பயில்வான் படம். கீழே ராங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. ராங்க் ஒன்று எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் கிளாஸில் மகாராஜா. பென்சில் பாக்ஸ், ரப்பர், மத்தியான முறுக்கு எல்லாம் கைமாறும். அந்த வருஷம்தான் கம்பெனியின் பெயரே மாறியது. காட்டு விலங்குகளைக் காக்கிற, பாண்டா கரடி சின்னம் போட்ட நிறுவனம் கேஸ் போட்டு ஜெயித்ததில், டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்பது டபிள்யூ.டபிள்யூ.இ. ஆயிற்று. அத்தனை பயில்வான்கள் இருந்தும் கம்பெனியைக் குப்புறத் தள்ளியது ஒரு கரடி.

டி.வி.யில் நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் வீட்டுக் கட்டில்தான் ரிங். எதிராளி அப்பா.

அப்பாவுக்கு 'அண்டர்டேக்கர்' என்பது வாயில் வராது. ''அந்த எழவு வீட்டுக்காரன் வந்துட்டானா?'' என்று கேட்டபடி வந்து உட்காருவார். ஆனால் விழுவதில் மன்னன். முப்பது கிலோகூடத் தேறாத நான் அவர் கழுத்தில் கையை வைத்து 'சோக்ஸ்லாம்' என்று கத்தினால் போதும். எழுபத்தைந்து கிலோ மனுஷர் தானாகவே எகிறி, தொபீலென்று மெத்தையில் மல்லாந்து, நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடப்பார். நான் மேலே படுத்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மெத்தையில் தட்டுவேன். 'வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கக் கூடாதா?' என்று சமையலறையிலிருந்து அம்மா. ஜெயிலர் மாதிரி ஆபீஸிலிருந்து வந்தவர் என்னிடம் தினமும் உதை வாங்கினார்.

ஒரு ராத்திரி கட்டிலின் தலைமாட்டுப் பலகை மேல் ஏறி நின்று, முழங்கையை நீட்டிக்கொண்டு அவர் மேல் குதித்தேன். அப்பா ''அம்மா!'' என்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் கிடந்தார். அப்புறம் எழுந்து, என் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினார். மறுநாள் அவர் ஆபீஸ் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் அதைக் காதில்கூட வாங்கவில்லை. என் வெற்றியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பத்துப் பேரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

அப்புறம் எட்டாம் கிளாஸில், எல்லா ஊரிலும் எல்லா ஸ்கூலிலும் இருக்கும் அந்த ஒரு பெரிய பையன் எங்களை மரத்தடியில் உட்கார வைத்து, ''எல்லாம் பேசி வெச்சு அடிக்கிறானுங்கடா'' என்று உண்மையைச் சொன்னான். பிள்ளையார் பால் குடிக்கவில்லை என்று தெரிந்த மாதிரி ஆகிவிட்டது. ட்ரம்ப் கார்டுக் கட்டு பழைய பேப்பரோடு போயிற்று. அப்பாவோடு கட்டில் சண்டையும் அத்தோடு சரி.

மறுபடி நான் ரெஸ்லிங் பக்கம் வந்தது காலேஜில் பி.காம். படிக்கும்போது. இந்தத் தடவை யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்தத் தரையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்ப்ரிங் மெத்தை என்று நினைத்திருந்தேன். இரும்புச் சட்டங்கள், அதன் மேல் மரப்பலகை, பலகை மேல் மெல்லிய ஒரு ஸ்பாஞ்ச், அதை மூடி ஒரு கேன்வாஸ் துணி. அவ்வளவுதான். வருஷத்தில் பாதி ராத்திரிக்கு மேல் அதில் மல்லாந்து விழவேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி, கைகளைத் தரையில் அறைந்து, அடியைப் பரப்பி வாங்கிக்கொள்ளவேண்டும். அந்த விழுதலுக்குப் பெயர் 'பம்ப்'. பயிற்சிப் பள்ளியில் அடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். பட்ட அடி நிஜமாகவே வலித்தது என்று ஜனங்களை நம்ப வைப்பதற்குப் பெயர் 'செல்'. விற்பனை! எதிராளியின் குத்தை நான்தான் ஊருக்கு விற்றுக் கொடுக்கவேண்டும். தோற்பதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'ஜாப்.' வேலை. தோற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் 'ஜாபர்'. இதைப் படித்த அன்று என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன்.

இந்த ரகசியங்கள் எதையும் வெளியே சொல்லக்கூடாது என்ற தொழில் சத்தியத்துக்கு 'கேஃபேப்' என்று பெயர். ரிங்கில் ஜென்ம விரோதிகளாக இருக்கிறவர்கள் வெளியே ஒரே காரில் போகக்கூடாது. ஒரே மேஜையில் சாப்பிடக்கூடாது. கடைசியில் இதைப் பகிரங்கமாகப் போட்டு உடைத்தது முதலாளியே. விளையாட்டுக் கமிஷனின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்க, 1989-ல் நியூஜெர்ஸி மாநில செனட்டில் வின்ஸ் மெக்மானின் கம்பெனி, 'ஐயா, இது போட்டியே இல்லை, பொழுதுபோக்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. நூறு வருஷ சத்தியம் செலவுக் கணக்கில் அடிபட்டுப் போயிற்று. காமர்ஸ் படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ப்ளஸ் ஒன் கணக்குப் பதிவியலில் முதல் விதி ஞாபகம் இருக்கிறதா? பெறுபவர் கணக்கில் பற்று. தருபவர் கணக்கில் வரவு. மற்ற விளையாட்டிலெல்லாம் வாங்குகிறவனுக்குக் கோப்பை. இந்த ஒரு தொழிலில்தான், சரியாகக் கணக்கு எழுதினால், கொடுத்தவனுக்கு வரவு வைக்கவேண்டும். என் பார்வையில் எவனெவன் லெஜண்ட் என்றால், எதிரே நின்றவனைப் பெரிய ஆளாக்கிவிட்டுப் போனவன். ஜெயித்த சண்டை எத்தனை என்ற காலத்தை ட்ரம்ப் கார்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

உதாரணத்துக்கு ஆந்த்ரே தி ஜயண்ட். பிரான்ஸில் பிறந்தவர். உடம்பு வளர்வதை நிறுத்தாத ஒரு வியாதி. ஏழடி நாலங்குலம், 520 பவுண்டு என்று அறிவிப்பார்கள். அதாவது 236 கிலோ. (பயில்வான்களின் உயரம் எடை, பெண் பார்க்கப் போகும்போது சொல்லப்படும் சம்பளம் மாதிரி. கொஞ்சம் கழித்துக்கொள்ளவேண்டும்.) 1987 மார்ச் 29-ம் தேதி, மிச்சிகனில் சில்வர்டோம் என்ற ராட்சத ஸ்டேடியத்தில் அவருக்கும் ஹல்க் ஹோகனுக்கும் சண்டை. வந்த கூட்டம் 93,173 என்று கம்பெனி சொல்கிறது. இல்லை, 78,000தான் என்று ஆட்சேபிக்கிறவர்களும் உண்டு. ஆந்த்ரே பதினைந்து வருஷம் தோற்றதில்லை, அவரை எவனும் தூக்கியதில்லை என்று விளம்பரம். இரண்டுமே பொய். இதே ஹோகன் இதே ஆந்த்ரேயை 1980-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்திலேயே தூக்கிப் போட்டிருக்கிறார். யார் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஆனால் அன்று ராத்திரி பொய்யே இல்லாத ஒரு விஷயம் இருந்தது. ஆந்த்ரேயின் முதுகு. அதற்கு முந்தின வருஷம்தான் முதுகில் ஆபரேஷன். வழக்கமாக டிராயர் மட்டும் போட்டுக்கொண்டு வருகிற மனுஷர், அன்றைக்குத் தோள்பட்டை வரை கறுப்பு உடுப்போடு வந்தார். உள்ளே முதுகுக்கு பெல்ட் கட்டியிருந்தார். நிற்பதே வேதனை. அந்த ஆளை எவ்வளவு பலசாலியானாலும் அவர் சம்மதமில்லாமல் ஒரு அங்குலம் தூக்க முடியாது. அவர் மனசு வைத்தார். ஹோகன் தூக்கினார். இரும்புச் சட்டத்தின் மேல் போட்ட பலகையில், ஆபரேஷன் செய்த முதுகோடு, 40 வயதில் அவர் விழுந்தார். ஸ்டேடியம் அதிர்ந்தது. ஹோகன் அன்றைக்குத்தான் ஹோகன் ஆனார். அந்த ஒரு தூக்கலை வைத்து அடுத்த நாற்பது வருஷம் சாப்பிட்டார் என்றால்கூடத் தப்பில்லை. ஆந்த்ரே 1993 ஜனவரியில் பாரிஸில் இறந்துபோனார். கம்பெனி 'ஹால் ஆஃப் ஃபேம்' என்று ஒன்றை ஆரம்பித்து முதலில் சேர்த்தது அவர் பெயரைத்தான்.

ஹோகனை என்ன செய்வது? எங்கள் ஹெட்கிளார்க் சொன்னது சரி. அவர் இல்லாமல் இந்தத் தொழிலை இத்தனை நாட்டு டி.வி.யில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பதில் கொஞ்சம் கை இழுப்பு. எதிர்க் கம்பெனிக்குப் போனபோது, தன் கதையைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டவர். 1997-ல் ஸ்டிங் என்பவரை ஒரு வருஷத்துக்கு மேல் சண்டையே போட விடாமல், கூரையிலிருந்து கயிற்றில் இறக்கி இறக்கி ஜனங்களை ஏங்க வைத்து, டிசம்பர் 28-ம் தேதி ஹோகனோடு மோத விட்டார்கள். ஹோகன் பளிச்சென்று தோற்றுக் கொடுத்தால் கதை முடிந்தது. நடந்ததோ குழப்பம். ஹோகனே முதலில் ஸ்டிங்கை அமுக்கிவிட்டார். ரெஃப்ரி வேண்டுமென்றே வேகமாக எண்ணி ஏமாற்றியதாகக் கதை. மனுஷன் சாதாரணமாகவே எண்ணித் தொலைத்தான். அப்புறம் மறுபடி சண்டை என்று ஆரம்பித்து எப்படியோ ஸ்டிங்கை ஜெயிக்க வைத்தார்கள். யார் குற்றம் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஒரு வருஷம் அடுப்பில் வைத்த பாயசம் இறக்கும்போது அடிப்பிடித்த மாதிரி.

அதே ஹோகன், 2002 மார்ச் 17-ம் தேதி டொரான்டோவில், வில்லனாக வந்து ராக்கிடம் தோற்றார். 68,000 பேர் கதாநாயகனை விட்டுவிட்டு வில்லனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர் ஜெயித்த நூறு சண்டையைவிட, நின்று நிதானமாகத் தோற்ற இந்த ஒரு சண்டைதான் எனக்குப் பிடிக்கும். வெளியே அவர் பேசின இனவெறிப் பேச்சு 2015-ல் அம்பலமாகி மானம் போனது தனிக் கதை. 2025 ஜனவரியில் மேடையேறியபோது கூட்டம் கூச்சல் போட்டு விரட்டாத குறை. ஜூலையில் இறந்துவிட்டார், 71 வயதில். அவருடைய பாலன்ஸ் ஷீட்டை என்னால் டாலி பண்ண முடியவில்லை. உங்களால் முடிந்தால் செய்யுங்கள்.

ரிக் ஃப்ளேர் வேறு ரகம். 1975-ல், 26 வயதில், அவர் போன குட்டி விமானம் வட கரோலினாவில் விழுந்து முதுகெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. இனி ரிங்கை மறந்துவிடு என்றார்கள் டாக்டர்கள். சில மாதங்களில் திரும்பி வந்தார். எண்பதுகளில் அவர் சாம்பியனாக இருந்தபோது வேலை என்ன தெரியுமா? ஊர் ஊராகப் போகவேண்டும். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் ஹீரோ ஒருவன் இருப்பான். அவனோடு ஒரு மணி நேரம் மோதி, அவனிடம் அடி வாங்கி, மண்டி போட்டுக் கும்பிட்டு, கெஞ்சி, மூக்கு தரையில் மோத விழுந்து, 'அடடா, இன்னும் ஒரே ஒரு நிமிஷம் இருந்திருந்தால் நம்ம ஆள் ஜெயித்திருப்பானே!' என்று ஊரே தலையில் அடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டு, பெல்ட்டோடு அடுத்த ஊருக்குப் போய்விடவேண்டும். மறுநாள் அந்த உள்ளூர் ஹீரோவின் மார்க்கெட் ஏறியிருக்கும். விளக்குமாற்றோடு மோத விட்டால்கூட ஃப்ளேர் அதை நல்ல சண்டையாக்கிவிடுவார் என்பார்கள். 2008 மார்ச் 30-ம் தேதி ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றுக் கண்ணீரோடு விடை பெற்றார். உதைப்பதற்கு முன்னால் ஷான் மைக்கேல்ஸ் முணுமுணுத்த மன்னிப்பை அமெரிக்காவே வாயசைவில் படித்துவிட்டு அழுதது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ரிட்டயர் ஆன பிறகும் டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்கு வரும் ஆசாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2010-ல் வேறு கம்பெனியில் மறுபடி இறங்கி, கடைசி கடைசியாக 2022 ஜூலை 31-ம் தேதி, 73 வயதில் ஒரு சண்டை போட்டார். விழுவதை விட முடியாதவர்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

தோல்வியிலேயே ஒருவன் ஜொலிக்க முடியுமா என்று கேட்டால் 1997 மார்ச் 23-ம் தேதிச் சண்டையைப் பார்க்கவேண்டும். பிரெட் ஹார்ட், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். அரங்கத்துக்குள் வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் பொறுக்கி. பிரெட் தன் பிடியைப் போடுகிறார். ஆஸ்டின் முகம் முழுக்க ரத்தம். 'தோற்றேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்லவில்லை. பிடியிலேயே மயங்கிப் போகிறார். கணக்குப்படி ஜெயித்தது பிரெட். வெளியே போகும்போது ஆஸ்டின் ஹீரோ, பிரெட் வில்லன்! ஒரு ராத்திரியில், ஒரு வசனம்கூட இல்லாமல், ஒரு கூட்டத்தின் மனசை இப்படித் திருப்பிப் போட எத்தனை சினிமா டைரக்டருக்கு வரும்? மறுவருஷம் ஆஸ்டின் சாம்பியன். அந்த ராத்திரி தன் நல்ல பெயரை எடுத்து எதிராளி கையில் கொடுத்தது பிரெட்.

இப்படிப்பட்ட பிரெட்தான் அதே வருஷம் நவம்பர் 9-ம் தேதி, வேறு கம்பெனிக்குக் கிளம்பும் நேரத்தில், மான்ட்ரீலில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மறுத்தார். கனடா அவருக்குச் சொந்த நாடு. 'பெல்ட்டை நாளைக்கு நானே கொடுத்துவிடுகிறேன், என் ஜனங்கள் முன்னால், இந்த ஆளிடம் மட்டும் வேண்டாம்' என்றார். தலையாட்டின மெக்மான், அவர் தோற்பதற்கு முன்பே மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். பிரெட் முதலாளி முகத்தில் துப்பினார். (எத்தனை ஆபீஸில் எத்தனை பேர் இந்தக் காட்சியை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பார்கள்!) என் வாதத்துக்கு இது இடிக்கிறது என்பீர்கள். இடிக்கத்தான் செய்கிறது. கடைசியில் அவரும் ஒரு தோல்வியைக் கொடுக்கத்தானே மறுத்தார்? ஆனாலும் தன்னோடு மோதின எவனும் தன் கையால் பலமாக அடிபட்டு வேலையை இழந்ததில்லை என்பதைத்தான் அவர் பெரிய பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவரின் தொழில், 1999 டிசம்பரில் எதிராளி ஒருவர் கணக்குத் தப்பி விட்ட உதையால் முடிந்துபோனது. 2010-ல் ரிங்கின் நடுவில் ஷான் மைக்கேல்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் அவரை லெஜண்ட் பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

மிக் ஃபோலியைப் பற்றி ஒரு பாரா போதும். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். 16 அடி இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் அவரைக் கீழே மேஜை மேல் தள்ளுகிறார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது எழுந்து வந்து மறுபடி ஏறுகிறார். இந்தத் தடவை கூரையே பிய்த்துக்கொண்டு உள்ளே விழுகிறார். இது திட்டத்தில் இல்லாதது. உடைந்த பல் ஒன்று மூக்குத் துவாரத்தில் வந்து நின்றது. அதற்கப்புறமும் சண்டை நடந்தது. யார் ஜெயித்தது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் யோசிப்பார்கள். (அண்டர்டேக்கர்.) யார் விழுந்தது என்பதை எவனும் மறக்கவில்லை. அதற்காக இதையெல்லாம் ஆஹா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உயிரோடு இருக்கிறார், சந்தோஷம்.

கடைசியாக எழவு வீட்டுக்காரர். 1990 நவம்பர் 22-ல் கறுப்புத் தொப்பியோடு முதலில் வந்து, சரியாக முப்பது வருஷம் கழித்து, அதே நவம்பர் 22-ல் விடை பெற்றார். 2006 ஏப்ரலில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் அந்த ரிங்கில் ஏறினார். தி கிரேட் காளி. இமாசலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீஸில் இருந்தவர். உண்மையைச் சொன்னால் காளிக்கு ரெஸ்லிங் அவ்வளவாக வராது. நடப்பதற்கே நேரம் எடுக்கும். ஆனால் ஏழடி. அவரைப் பார்த்து உலகம் பயப்படவேண்டுமென்றால், யாருக்கும் பயப்படாத ஒருத்தர் அவரிடம் விழவேண்டும். மே 21-ம் தேதி அண்டர்டேக்கர் விழுந்தார். யாரும் குறுக்கே வரவில்லை, நாற்காலி இல்லை, திருட்டுத்தனம் இல்லை, சுத்தமான தோல்வி. எனக்கு அப்போது பதினாலு வயது. டூப்பு என்று முடிவு செய்து ஒதுங்கியவன்தான். இருந்தாலும் மறுநாள் டியூஷனில் நாங்கள் போட்ட ஆட்டத்தைப் பார்த்தவர்கள், இந்தியா உலகக் கோப்பை வாங்கிவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள். மறுவருஷம் ஜூலையில் காளி உலக சாம்பியன். அந்தப் படிக்கட்டின் முதல் படி, மல்லாந்து கிடந்த அண்டர்டேக்கரின் நெஞ்சு.

2014-ல் அவருடைய 21-0 கணக்கை பிராக் லெஸ்னர் உடைத்தார். இங்கே திங்கள்கிழமை காலை, நான் ஆபீஸ் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். நண்பனிடமிருந்து ஒரே வரி மெசேஜ்: 'மச்சி, தாத்தா அவுட்.' அந்தச் சண்டையில் தலையில் பலமாக அடிபட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லெஸ்னருக்கு அந்த வெற்றி தேவையா, வளர்கிற ஒரு பையனுக்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு இன்னமும் வருத்தம்தான். கொடுக்கிறவன் கொடுத்துவிட்டான். யாருக்கு என்பதை முதலாளி முடிவு செய்தார்.

2019-ல் அப்பா ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு எழவே முடியவில்லை. எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவர், ''வயசுதான். உட்கார்ந்தே வேலை பார்த்திருக்கீங்க. முன்னாடி எப்பவாவது அடி பட்டிருக்கா?'' என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். ''ரெண்டாயிரத்து ரெண்டுல... பஸ் ஸ்டாப்ல வழுக்கி விழுந்தேன் டாக்டர்.''

வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும் மருந்துச் சீட்டுக்குக் காத்திருந்தோம். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ''எந்த பஸ் ஸ்டாப்பு?'' என்றாள்.

''என்னம்மா?''

''கட்டில் மேல ஏறிக் குதிச்சியே, மறந்து போச்சா? நாலு நாள் குனிய முடியல மனுஷனுக்கு. உங்கிட்ட சொல்றேன்னேன். 'சொல்லாத, பையன் பயந்துப்பான், அப்புறம் விளையாட வரமாட்டான்'னார். சட்டைக்குள்ள பெல்ட்டைக் கட்டிக்கிட்டு அடுத்த வாரமும் வந்து உங்கிட்ட விழுந்தார். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்டாத்தானே.''

அந்தப் பருமனை நான் அப்போது பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். எட்டாம் கிளாஸில், 'எல்லாம் டூப்புப்பா, உனக்குத் தெரியாது' என்று அவரிடமே போய் விளக்கியவன் நான். ''அப்படியாடா?'' என்று ஆச்சரியப்பட்டு வேறு கேட்டுக்கொண்டார்.

டாக்டர் ரூமிலிருந்து அப்பா சுவரைப் பிடித்தபடி வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இன்றைக்கு வரை பஸ் ஸ்டாப் கதையை மாற்றிக்கொள்ளவில்லை.

என் பையனுக்கு இப்போது ஐந்து வயது. டி.வி.யில் என்ன பார்த்தானோ, போன ஞாயிற்றுக்கிழமை சோபா கைப்பிடி மேல் ஏறி நின்றான். கீழே பாயில் நான். ''உங்களுக்கு வயசு முப்பத்து மூணு, ஞாபகம் இருக்கட்டும்'' என்று என் மனைவி சமையலறையிலிருந்து. நாற்காலியில் அப்பா, இப்போது சட்டைக்கு மேலேயே பெல்ட். அவர்தான் ரெஃப்ரி.

பையன் குதித்தான். பதினெட்டு கிலோ நேராக விலாவில் இறங்கியது. நிஜமாகவே வலித்தது. மேலே ஏறிப் படுத்துக்கொண்டான். அப்பா கைத்தடியால் தரையில் தட்டினார்.

''ஒண்ணு... ரெண்டு...''

பழைய வீம்பு போகுமா? சட்டென்று தோளைத் தூக்கினேன். பையன் முகம் சுருங்கியது. அப்பா தடியை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

''டேய்! என்ன பெரிய இவன் மாதிரி எழுந்துக்கறே? படுடா.''

படுத்தேன்.